வாசகர் கேள்வி-பதில்: சைக்கிள் கடை மாடியில் சிறையைப் படிக்கிறோம்

போன இதழில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வாசிக்கிறோம், சிறை என்பதே வேண்டாம் என்று வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை நம்பாமலே வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று. நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மாமியார் பிரச்சினை, முட்டிவலி, மகன் படிப்பு என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அடுத்த மாதம். திட்டி எழுதியவர்களுக்கும் நன்றி. அதில் இரண்டு கடிதங்களை மாடியில் உரக்கவே வாசித்தோம், ஒன்றுக்குக் கைதட்டலும் கிடைத்தது.

கேள்வி: "சிறை ஒழிப்பு" என்ற வார்த்தையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டார். "நாளைக்கு வீட்டுக்குள்ள திருடன் பூந்தா இந்த அம்மாவையே கூப்பிடு" என்கிறார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும் அக்கா? (வில்லியனூர்)

கூப்பிடச் சொல்லுங்கள், வருகிறேன். கடலூரிலிருந்து வில்லியனூர் வந்து சேர்வதற்குள் திருடன் காபி குடித்துவிட்டே போயிருப்பான், அது வேறு விஷயம்.

அவர் கேட்பது நியாயமான கேள்விதான். எங்கள் மாடியில் முதலில் வந்ததும் இதுதான், மூன்று ஞாயிறு இதிலேயே போனது. ஒரு கணக்கை வைத்துத்தான் ஆரம்பித்தோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலு பேரில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடினால் தெரிகிற அந்தக் கொலைகாரன் சிறையில் இல்லாமல் இல்லை, ஆனால் சிறை முழுக்க நிறைந்திருப்பது அவன் இல்லை, வாய்தாவுக்குக் காத்திருக்கிறவன்.

சரி, அந்த மிச்சக் கால்வாசி? அதில் கொலை செய்தவர்களும் இருக்கிறார்கள், குழந்தைகளைச் சீரழித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது என்று கேட்டால் எங்கள் மாடியில் ஒரே பதில் கிடையாது. எங்களில் ஒருவர் தம்பியைக் கொலையில் பறிகொடுத்தவர். கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்து உள்ளேதான் இருக்கிறான். இரண்டாவது ஞாயிறு அவர் சொன்னார்: "அவனுக்கு எத்தனை வருஷம்னு ஊரே கேட்டுச்சு. எங்க வீட்ல சாயங்காலம் ஆனா விளக்கு ஏத்தறாங்களான்னு ஒருத்தர் கேக்கல." நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நீல்ஸ் கிறிஸ்டி 1977-லேயே இதை எழுதினார். இரண்டு தரப்புக்கு நடுவில் நடந்த விவகாரத்தை அரசும் வக்கீல்களும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், பறிகொடுத்தவன் தன் வழக்கிலேயே வேடிக்கை பார்க்கிறவன் ஆகிவிடுகிறான் என்பது அவர் வாதம். அதை வாசித்த அன்றைக்கு அந்த நண்பர் ஒன்றும் பேசவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அவர் இன்னும் சிறை ஒழிப்பை ஏற்கவில்லை. ஞாயிறு தவறாமல் வருகிறார்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்ள வேண்டாம், பத்திரிகையை மட்டும் எடுத்து வைக்கட்டும்.

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர். இதேபோல ஒரு படிப்பு வட்டம் ஆரம்பிக்க ஆசை. என்ன புத்தகம், எந்த வரிசையில் என்று ஒரு பட்டியல் அனுப்ப முடியுமா டீச்சர்? (நெல்லிக்குப்பம்)

பட்டியல் அனுப்ப மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாங்களும் பட்டியலில்தான் ஆரம்பித்தோம். முப்பது வருஷம் வகுப்பில் நின்ற பழக்கம் எனக்கு. நாற்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, முக்கியமான இடத்தில் கோடு போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்து, நின்றுகொண்டு விளக்கினேன். முதல் வாரம் பதினெட்டுப் பேர். இரண்டாவது வாரம் பதினொன்று. நாலாவது வாரம் நான்கு பேர், அதில் ஒருவர் கீழே கடையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு மழைக்கு மேலே ஏறி வந்தவர். அந்த நால்வரில் ஓர் ஆட்டோ டிரைவர் இருந்தார், பதினோரு மாதம் ரிமாண்டில், அதாவது விசாரணைக் காவலில், இருந்து கடைசியில் விடுதலையானவர். படியிறங்கும்போது சொன்னார்: "நல்லாத்தான் சொல்றீங்க டீச்சர். ஆனா நான் உள்ள இருந்து பார்த்ததை எனக்கே பாடம் எடுக்கிறீங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குக் கோபம்தான் வந்தது. ரெண்டு நாள் கழித்துத்தான் வெட்கம் வந்தது.

அடுத்த வாரம் ஜெராக்ஸ் எதுவும் எடுக்கவில்லை. அவருடைய வழக்குக் கட்டை எடுத்துவரச் சொன்னோம். மஞ்சள் பையில் கொண்டுவந்தார். அதில் ஒன்றரைப் பக்கம் வாசிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஆளுக்கு ஒரு பத்தி, உரக்க, ஒரு சொல் புரியவில்லை என்று யாராவது கையைத் தூக்கினால் அங்கேயே நிறுத்தம். "காவல் நீட்டிப்பு" என்ற இடத்தில் நின்றோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீட்டினார்கள் என்றால் அன்றைக்கெல்லாம் மாஜிஸ்திரேட் என்ன கேட்டார் என்று ஒரு பெண் கேட்டாள். "வீடியோவுல தலையைக் காட்டுவேன், பேரைச் சொல்லுவாங்க, அடுத்த ஆளு" என்றார். ஜாமீன் எப்போது கிடைத்தது? நாலாவது மாதமே. அப்புறம் ஏன் பதினோரு மாதம்? இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், கையில் சொத்து ரசீதோ சம்பளச் சான்றோ இருக்கிற இரண்டு பேர், அவருக்குத் தெரிந்தவர்களில் அப்படி யாரும் இல்லை. ஆக ஏழு மாதம் உள்ளே இருந்தது குற்றத்துக்காக இல்லை, வீட்டுவரி ரசீது இல்லாததற்காக. இதை எங்களில் யாரும் விளக்கவில்லை. காகிதத்திலிருந்து தானாக வெளியே வந்தது.

அதற்குப் பிறகுதான் வெளியூர் எழுத்துக்குள் போனோம், அப்போது வாசித்தது ஒட்டிக்கொண்டது. சிறை ஒழிப்புக்காக வேலை செய்கிற அமெரிக்கப் புவியியல் பேராசிரியர் ரூத் வில்சன் கில்மோர் கலிபோர்னியாவைப் பற்றி எழுதியதை வாரம் இரண்டு பக்கம் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு ஜூனியர் வக்கீல் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். அங்கே குற்றங்கள் 1980-ல் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பித்துவிட்டன, ஆனால் 1982-லிருந்து 2000-க்குள் மாநிலச் சிறைகளில் இருந்தவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட 500 சதவீதம் கூடியது. குற்றம் குறையக் குறையச் சிறை ஏன் பெருகுகிறது? சும்மா கிடந்த நிலம், வேலையில்லாத ஆட்கள், முதலீடு தேடி அலைந்த பணம், செலவு செய்ய வழி தேடிய அரசு, இந்த நாலும் ஓர் இடத்தில் வந்து சேர்ந்தன என்பது அவருடைய பதில். இதைக் கேட்டதும் நெய்வேலிக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, "எங்க ஊர்ல நிலத்தையும் எடுத்து ஆளையும் சும்மா உட்கார வச்சாங்க, ஆனா ஜெயில் கட்டலையே, அப்ப எங்க பையன்கள எங்க போட்டாங்க?" என்று கேட்டாள். திருப்பூர், கேரளா, கல்ஃப் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. கில்மோருடைய வாதம் இங்கே அப்படியே பொருந்தாது என்று அவள்தான் கண்டுபிடித்தாள், நான் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் வேலை, ஒரு பத்தி முடிந்ததும் இப்போது என்ன வாசித்தோம் என்று தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்வது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. பட்டம் வாங்கிய நாங்கள் எத்தனை இடத்தில் புரியாமலே தலையாட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். இது புது முறை ஒன்றும் இல்லை. டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு விவாதித்து வளர்ந்த இயக்கங்கள்தானே இந்த மாநிலத்தை மாற்றின. நாம் மனசுக்குள் படிக்கப் பழகி அதை மறந்துவிட்டோம்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். புரியாத சொல்லுக்கென்று ஒரு நோட்டு உண்டு. குழந்தைகளைக் கூட்டி வரலாம், சத்தம் போடட்டும். போட்டோ கிடையாது. ஏழரைக்கு முடித்துவிடுவோம், பஸ் இருக்கிறது.

ஆகவே, பிள்ளைகளே, உங்கள் ஐந்து பேரில் யாருடைய தெருவில் யார் உள்ளே இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள் வர இஷ்டப்பட்டால் வரட்டும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், கதை கேட்பதற்காக யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வட்டத்தில் ஒரு தோழர் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? (பண்ருட்டி)

முந்தைய பதிலைப் படித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் அந்தத் தோழர் நான்தான். எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கிறவரை யாரும் இரண்டாவது முறை பேசக் கூடாது என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள், எனக்காகவே. முதல் இரண்டு வாரம் நாக்கு அரித்தது. உங்கள் தோழருக்கும் அரிக்கும், அதில் யாரும் செத்துப்போவதில்லை.

கேள்வி: "ஒழிப்பு" என்ற சொல் காதுக்கு வன்மையாக இருக்கிறதே? "சீர்திருத்தம்", "மாற்று" என்று மென்மையாக ஏதாவது வைக்கலாமே. தமிழ் படித்தவர் நீங்கள். (சிதம்பரம்)

தமிழ் படித்ததால்தான் ஒழிப்பு வேண்டும் என்கிறேன். சாதிச் சீர்திருத்தம் என்று நாம் சொல்வதில்லை, சாதி ஒழிப்பு என்கிறோம். ஜமீன் ஒழிப்பு என்றுதான் சட்டத்தைப் பற்றிப் பேசினோம். ஒரு ஏற்பாடு கெட்டுப்போய்விட்டது, சரிசெய்வோம் என்றால் சீர்திருத்தம். அந்த ஏற்பாடே அதற்காகத்தான் உண்டாக்கப்பட்டது என்றால் ஒழிப்பு. எது என்பதில் நீங்களும் நானும் வேறுபடலாம், ஆனால் வேறுபாடு இருப்பதே தெரியாதபடி ஒரு மெத்தென்ற சொல்லைப் போட்டு மூடக் கூடாது.

சிறைக்கும் சாதிக்கும் என்ன முடிச்சு என்று கேட்பீர்கள். 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, ஒரு பத்திரிகையாளர் போட்ட வழக்கில். பல மாநிலச் சிறை விதிகளில் சமையல் வேலை இன்ன சாதிக்கு, துப்புரவு வேலை இன்ன சாதிக்கு என்கிற மாதிரி இருந்ததை எல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அடித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனியே வைத்திருந்த விவகாரமும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. குற்றப் பரம்பரை என்று வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்த சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே, வேப்பூர்ப் பக்கத்து மக்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று பட்டியலில் சேர்த்து அஜீஸ் நகர் செட்டில்மெண்ட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். சுவர் இல்லாத சிறை அது. ஊர்ப் பெயர் இன்றும் இருக்கிறது, பஸ் நிற்கிறது, காரணம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இன்னொன்று, நீங்கள் தமிழ் என்றதால் சொல்கிறேன். மணிமேகலையின் பத்தொன்பதாவது காதைக்குப் பெயரே "சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை". புகார் நகரத்துச் சிறைக்குள் அமுதசுரபியோடு போய்ப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். சோழன் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்க, அந்தச் சிறையை அறக்கோட்டமாக்கு என்கிறாள், ஆக்கிவிடுகிறான். இந்த இடத்தை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன். மாடியில் வாசித்தபோதுதான் ஒரு பையன் அடுத்த பக்கங்களைப் புரட்டிவிட்டு, "டீச்சர், இருபத்திரண்டாவது காதைக்கு 'சிறைசெய் காதை'ன்னு இருக்கே, யாரைச் சிறை செய்யுறாங்க?" என்றான். மணிமேகலையைத்தான். இளவரசன் கொலையானதும் அதே அரசன் அவளையே பிடித்து உள்ளே போடுகிறான். ஒரு சிறை மூடி மூன்று காதை கூட ஆகவில்லை. முப்பது வருஷம் அந்தக் காப்பியத்தைப் பாடம் நடத்தியிருக்கிறேன், இந்த இரண்டையும் சேர்த்து வைத்து ஒருநாளும் யோசித்ததில்லை. கட்டடத்தை மாற்றினான், அரசனுடைய கை மாறவில்லை. கில்மோர் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான், ஒழிப்பு என்றால் ஒன்றை இல்லாமல் ஆக்குவதைவிட, இருக்கவேண்டியவற்றை உண்டாக்குவதுதான் பெரிய வேலை என்று.

கேள்வி: எல்லாம் அமெரிக்கச் சரக்கு. அங்கே நிறவெறி, அதற்கு ஒரு இயக்கம். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அதை ஏன் படிக்க வேண்டும்? (முத்தியால்பேட்டை)

பாதி ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் இந்தச் சிந்தனை வளர்ந்த மண் அடிமை முறை. 1865-ல் அடிமைத்தனத்தை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்திலேயே, குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் மட்டும் விலக்கு என்று ஒரு பொந்து வைத்தார்கள். அந்தப் பொந்து வழியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 1970-களில் சிறைக்குள்ளேயே படிப்பு வட்டம் நடத்தினார்கள். சிறைக்குள்ளிருந்தே எழுதிய கறுப்பினக் கைதி ஜார்ஜ் ஜாக்சன் 1971 ஆகஸ்ட் 21-ல் கலிபோர்னியாவில் சான் குவென்டின் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை நாட்டின் அந்தக் கோடியில், நியூயார்க் மாநிலத்து அட்டிகா சிறையில், கைதிகள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை. காவலர்களை அந்த அமைதிதான் பயமுறுத்தியது. அடுத்த மாதம் அங்கே நடந்த எழுச்சியை அரசு சுட்டு அடக்கியது, கைதிகளும் சிறை ஊழியர்களுமாக அந்த எழுச்சி முழுவதிலும் செத்தவர்கள் 43 பேர். அந்தச் சாப்பாட்டு மேசை அமைதிக்குப் பின்னால் எத்தனை நாள் கூட்டு வாசிப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1998 செப்டம்பரில் கறுப்பினச் செயல்பாட்டாளர் ஏஞ்சலா டேவிஸ், கில்மோர் போன்றவர்கள் பெர்க்லியில் கூட்டிய மூன்று நாள் மாநாட்டுக்கு 3,500 பேருக்கு மேல் வந்தார்கள். முன்னாள் கைதிகள், பேராசிரியர்கள், அம்மாக்கள் எல்லாரும்.

ஆனால் நீங்கள் முத்தியால்பேட்டையிலிருந்து கேட்பதுதான் எனக்கு வேடிக்கை. உங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் நாட்டுச் சரக்கு வேண்டுமா? 1971 பிப்ரவரி 8-ல் மிஷேல் ஃபூக்கோவும் இன்னும் இரண்டு பேரும் பாரிஸில் சிறைத் தகவல் குழு என்று ஒன்றை அறிவித்தார்கள். சிறை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் பேசவில்லை. உள்ளே என்ன சாப்பாடு, எத்தனை பேருக்கு ஒரு அறை, கடிதம் வருகிறதா என்று கேள்வித்தாள் அடித்து, சிறைவாசலில் பார்க்கக் காத்திருந்த குடும்பத்தார் கையில் கொடுத்தார்கள். பதில்கள் திரும்பி வந்தன, சிறு வெளியீடாகப் போட்டார்கள். 1972 கடைசியில் குழுவைக் கலைத்துவிட்டு, முன்னாள் கைதிகளே நடத்திய அமைப்புக்கு வழிவிட்டார்கள். ஃபூக்கோ மாதிரி தத்துவ மேதை ஒருவர் மனு பார்க்கிற, அதாவது கைதியைச் சந்திக்கக் காத்திருக்கிற, வரிசையில் போய் நின்று கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார் என்பது எங்களுக்கெல்லாம் பெரிய ஆச்சரியம். நாங்கள் கடலூர் மத்தியச் சிறை இருக்கிற கேப்பர் மலைப் பக்கம் மனு பார்க்க வருகிறவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது அதைப் படித்த பிறகுதான்.

இந்த மண்ணின் கதை வேண்டுமென்றாலும் இருக்கிறது. பாரதி 1908-ல் உங்கள் ஊருக்கு ஓடி வந்தது எதற்கு? பிரிட்டிஷ் ஜெயிலுக்குத் தப்பி. பத்து வருஷம் கழித்து 1918 நவம்பர் 20-ல் எல்லையைத் தாண்டியதும் கடலூரில் பிடித்தார்கள், டிசம்பர் 14 வரை உள்ளே. அலிப்பூர்ச் சிறையில் ஒரு வருஷம் இருந்துவிட்டு 1910-ல் வந்தவர் அரவிந்தர். அவரும் பாரதியும் சேர்ந்து உட்கார்ந்து வேதம் படித்ததும் உங்கள் ஊரில்தான். எங்கள் முதுநகர் அஞ்சலையம்மாள் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போய், பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் உள்ளே போனவர். இவர்களுக்கெல்லாம் சிலை வைத்திருக்கிறோம், தெருவுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். தேசத்துக்காக ஜெயிலுக்குப் போனவர் தியாகி, ஆடு திருடினான் என்ற சந்தேகத்தில் போனவன் கேடி. இந்த இரண்டு தட்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கப் பழகவில்லை நாம், நான் உட்பட.

கேள்வி: இப்படிக் கூடினால் உளவுத்துறை வராதா? (அரியாங்குப்பம்)

ஒருவர் வந்தார் என்று நினைக்கிறேன். யாரும் கேட்காமலே தான் எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று மூன்று முறை சொன்னார். அன்றைக்குத் தமிழ்நாடு சிறை விதிகள் 1983-ஐ வாசித்துக்கொண்டிருந்தோம், அரசாங்கமே போட்டது. அவருக்கும் ஒரு பத்தி வந்தது, நன்றாகவே வாசித்தார்.

கேள்வி: படித்துப் படித்து எங்கேயாவது ஒரு சிறையையாவது மூடியிருக்கிறார்களா? (திருப்பாதிரிப்புலியூர்)

மூடியிருக்கிறார்கள். நார்வேயில் 1968-ல் ஆரம்பித்த க்ரோம் என்ற அமைப்பில் கைதிகளும் முன்னாள் கைதிகளும் வக்கீல்களும் ஆராய்ச்சியாளர்களும் ஒன்றாக இருந்தார்கள், வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பக்கம் ஒரு விடுதியில் கூடி நாள்கணக்கில் விவாதிப்பார்கள். குடிகாரர்களைப் பிடித்துப்போட்டுக் கட்டாய வேலை வாங்குகிற முறை அங்கே 1970-ல் ஒழிந்தது, இளைஞர் சிறை என்ற ஏற்பாடு 1975-ல் ஒழிந்தது. இரண்டிலும் அவர்கள் பங்கு உண்டு. அதில் முக்கியமானவர் சமூகவியலாளர் தாமஸ் மத்தீசன். "இதற்குப் பதிலாக என்ன வைப்பாய், முழுத் திட்டத்தைக் காட்டு" என்று கேட்கிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதே, முடிவுறாமல் இருப்பதுதான் பலம் என்றார் அவர். அந்த இடத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கடலூரில் வந்து ஒரு அம்மாவிடம் முடிவுறாமை பற்றிப் பேசிப் பார்த்திருக்க வேண்டும் அவர். ஆனால் மூடியது மூடியதுதான்.

கேள்வி: வணக்கம்மா. என் பையன் உள்ள இருக்கான். எட்டு மாசம் ஆச்சு. முதல் கேஸு. ஜாமீன் குடுத்துட்டாங்கன்னு வக்கீல் சொல்றார், ஆனா ஆள் வெளிய வரல, ஜாமீன்தாரர் ரெண்டு பேர் கூட்டியான்னு சொல்றாங்க, மீன் விக்கிற எனக்கு யாரு கையெழுத்துப் போடுவா. நீங்க படிக்கிறதுல எனக்கு ஏதாவது வழி இருக்கா? (கடலூர் முதுநகர்)

இருக்கிறதும்மா. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே மாடியில் இதைத்தான் வாசித்தோம்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகள் சொல்லியிருக்கிறது. உத்தரவு வந்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கொண்டுவர முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். அது நடக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். "ஜாமீன்தாரர் நிபந்தனையைத் தளர்த்தி, சொந்த ஜாமீனில் விடுங்கள்" என்று மனுப்போடச் சொல்லுங்கள். உங்கள் வக்கீல் இழுத்தடித்தால், சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், வக்கீல் வைத்துத் தருவார்கள், காசு கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479-ஆம் பிரிவு. முதல் வழக்கு என்றால், அந்தக் குற்றத்துக்குச் சொல்லியிருக்கிற அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு நாள் உள்ளே இருந்துவிட்டாலே வெளியே விட வேண்டும், முன்பு வேறு வழக்கில் தண்டனை வாங்கியவர் என்றால் பாதி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கு இது கிடையாது, ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல். ஜூலைக்கு முந்தைய வழக்குக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆகஸ்ட்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன் மேல் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாததால் எது உதவும் என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1992-ல் உங்களை மாதிரி அம்மாக்கள் சேர்ந்து ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள். ஒருவர் பிள்ளையின் வழக்குக்கு எல்லாரும் போய்க் கோர்ட்டில் உட்காருவார்கள், ஒருவர் காகிதத்தை எல்லாரும் சேர்ந்து படிப்பார்கள், படித்துப் படித்துச் சட்டம் கற்றுக்கொண்டார்கள். கில்மோர் அவர்களோடு சேர்ந்து வேலை செய்து, அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆக நாங்கள் படிப்பதில் உங்களுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள், அது முதலில் உங்களைப் போன்றவர்கள் போட்ட வழிதான்.

ஜாமீன் உத்தரவின் நகலும் எஃப்.ஐ.ஆர். நகலும் வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள், ஜெராக்ஸ் போதும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஜூனியர் வக்கீல் கோர்ட் வாசல் டீக்கடையில் இருப்பார், ஆட்டோக்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மீன் கூடையோடு வந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.